நேபாளத்துக்கு ஐந்து நிமிடம்

நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்தபோது எங்கள் கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை நடத்தினார்கள். இந்தியா, சீனா, அமெரிக்கா மூன்றையும் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு மிஞ்சியவை பூட்டான், மாலத்தீவு, நேபாளம். எனக்கு நேபாளம்.

என் விடுதி அறைத்தோழி காத்மாண்டுக்காரி. தூதரகம் வழியாகக் கிடைத்த உதவித்தொகையில் கோவைக்கு வந்தவள். எங்கள் ஊர்த் தமிழை மெஸ்ஸில் கற்றதால் விடுதி நாய்க்குக்கூட ‘ங்க’ போடுவாள். நேபாளத்துக்கு அவளே பேசட்டும் என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டேன்.

“அந்தப் புள்ள பேசுனா ஒருபக்கமாப் போயிரும் அம்மணி. அது நேரம் பாத்து மணி அடிக்கட்டும்.”

இந்தியாவுக்காக ஓர் இந்தியன் பேசினால் ஒருபக்கமாகப் போகாதாம்.

இரண்டு வாரம் அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஐந்து குறிப்புகள். ஒன்று, கடல் இல்லை. இரண்டு, வடக்கே சீனா, மற்ற மூன்று பக்கமும் இந்தியா. மூன்று, ஒருவரையே நம்பியிருக்க வேண்டாம் என்று சீனாவிடம் ஆயுதம் வாங்கியது. நான்கு, அதன் பிறகு இந்தியா எல்லைப் பாதைகளில் பெரும்பாலானவற்றை மூடியது; மண்ணெண்ணெய் வரவில்லை. ஐந்து, அன்றிலிருந்து எதைச் செய்தாலும் முதலில் தெற்கே ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

நான்காவது குறிப்பில் அவளுடைய அம்மா இருந்தார். அடுப்புக்கு வழியில்லாமல் கட்டிலை உடைத்து எரித்துச் சோறாக்கியவர்.

“இதை மட்டும் உட்டுப்போடாதீங்க” என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அன்று இந்தியாவாக எழுந்தவன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகன். “ஏனுங்க நேபாளம், நாங்க உங்களுக்கு அண்ணன் மாதிரிங்க. அண்ணன் இருக்கறப்ப பக்கத்தூட்டுல போயி துப்பாக்கி வாங்கிப்போட்டீங்களே, நாயமுங்களா?”

அரங்கமே சிரித்தது. மரியாதை குறையாமல் மிரட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூன்று குறிப்புகளை வாசித்து முடித்தேன். “அண்ணன் ஊட்டுல இருந்துதானுங்க மண்ணெண்ணெய் வரோணும். அதை நிறுத்திப்போட்டு…” என்று நான்காவதைத் தொடங்கினேன். முன்வரிசையிலிருந்த பொறுப்பாசிரியர், மேடையோரம் மணியோடு உட்கார்ந்திருந்த என் அறைத்தோழிக்குக் கை காட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மணியை அடித்தாள்.

நான் உட்கார்ந்தேன்.

இந்தியாவுக்கு முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். மேடையிலேயே பொறுப்பாசிரியர் அவளையும் ஒழுக்கமான பெண் என்று பாராட்டினார்.

“ரெண்டு நிமிஷம் இருந்துச்சே, ஏன் அடிச்சே?” அறைக்கு வந்ததும் கேட்டேன்.

“உதவித்தொகை பேப்பர்ல வருஷா வருஷம் அவருதானுங்க கையெழுத்துப் போடறாரு.”

அதற்குமேல் அவளை என்ன கேட்பது? அவளுக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. என் கட்டணத்தை அப்பா கட்டினார், என் வீடு துடியலூரில், ஒரு பஸ் தூரம். மணி அடித்த பின்னும் நான் நின்று, அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லி முடித்திருக்கலாம். யாரும் என்னை எங்கும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.