மோட்டார் அக்கா போட்ட இரண்டாவது வால்வு

மோட்டார் வைண்டிங் கடையில் பன்னிரண்டு வருஷம் செம்புக் கம்பி சுற்றியவள் அவள். வார்னிஷ் நெடி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொள்ளவே, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பம்ப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். "பொம்பள வந்து மோட்டாரைக் கழட்டறதா?" என்று வாசலிலேயே நிற்க வைத்தவர்கள்தான், பிறகு "மோட்டார் அக்கா எப்ப வருவாங்க?" என்று காத்துக் கிடந்தார்கள். அவளுடைய சொந்தப் பெயர் அவள் வீட்டுக்காரருக்கே சில நாள் சட்டென்று வாயில் வராது.

ஒரு நாள், பழைய வாடிக்கைக்காரியான தையல்காரி ஒருத்தி போன் செய்தாள்.

"அக்கா, சுவத்துக்குள்ள யாரோ சுத்தியால அடிக்கிற மாதிரி சத்தம். மூணு மாசமா இதே பாடு. மிஷின்ல உக்காந்திருக்கும்போது 'டொம்'னு கேட்டா தூக்கிவாரிப் போடுது. நேத்து ஒருத்தரோட கோட்டுல கைத் தையலே கோணிப்போச்சு."

அக்கா போய்ப் பார்த்தபோது, ஏற்கெனவே வந்துபோன பிளம்பர் ஒருவர் குழாய் நெடுக அரையடிக்கு ஒன்றாக, சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அடித்து வைத்திருந்தார். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தையல்காரியின் மாமனார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வேறு முடிவுக்கு வந்திருந்தார். "குழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் பண்ற வேலை. ராத்திரி டியூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்கறான். நம்ம மிஷின் சத்தம் பொறுக்காம சுவத்துல குத்துறான்."

"நீங்க போய்க் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? நானும் கைத்தடியால திருப்பிக் குத்திடறேன்."

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று மாதம் ஆகிறதாம்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது சத்தம் வருதா, நிக்கும்போதா?" என்று கேட்டாள்.

"நிக்கும்போது" என்றார் மாமனார். "ஆரம்பிக்கும்போது" என்றாள் மருமகள்.

பின்கட்டில், வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீரை அழுத்தி அனுப்பும் அழுத்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா குந்தி உட்கார்ந்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேலே வரும் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். தையல்காரி குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் அழுத்தம் இறங்கியதும் மோட்டார் தானாக ஓடியது. அந்த நொடியே, 'டொம்!' அதிர்வு அக்காவின் முழங்கை வரை ஏறியது. மோட்டார் நின்றபோது ஒரு சத்தமும் இல்லை.

உடனே மறுபடி ஓடவிட்டாள். அப்போதும் சத்தம் இல்லை. அரை மணி நேரம் குழாயைத் தொடாமல் காத்திருந்து ஓடவிட்டாள். 'டொம்!'

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

கிணற்றுக்குள் பம்பின் தலையில் ஒரு வால்வு இருக்கிறது. மேலே போன தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது அதன் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அது லேசாகக் கசிந்தது. யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டார் அடிக்கடி ஓடியது. தொண்ணூறு அடிக் குழாயை வெளியே இழுத்து அந்த வால்வை மாற்றியிருக்க வேண்டும். அக்கா அதைச் செய்யவில்லை. தரைக்கு மேலே, கைக்கு எட்டுகிற இடத்தில், இரண்டாவதாக ஒரு வால்வைப் போட்டாள். மோட்டார் அடங்கியது. வீடே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது.

கீழ் வால்வு மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வந்தது. மோட்டார் சும்மா நிற்கிற நேரத்தில் மேல் வால்வுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிவிடும். நடுவில் குழாய் காலியாகும். அடுத்த முறை ஓடும்போது, தடுக்க ஆளில்லாத தண்ணீர் பாய்ந்து வந்து மேல் வால்வில் மோதும்.

கையைக் கழுவியபடியே யோசித்தாள். 'கீழ் வால்வு தேஞ்சுபோச்சு, மாத்தணும்' என்று சொன்னால் போதும். அதில் பொய் எதுவும் இல்லை. யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

"இந்தச் சத்தத்துக்கு நான்தான் காரணம்" என்றாள்.

அக்கா நடந்ததைச் சொல்லி முடித்ததும் தையல்காரி கேட்டாள், "அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"இடுப்பு வலி. குழாயை இழுக்க ஆளும் வரல. இதுவே போதும்னு எனக்குத் தோணுச்சு." நிறுத்தினாள். "இல்லம்மா. தோண வெச்சுக்கிட்டேன்."

மாமனார் குறுக்கே புகுந்தார். "அப்ப அவன் குத்தலையா?"

அடுத்த நாள் அக்காவின் வீட்டுக்காரர், கிணற்றின் மேல் விரித்து நிறுத்தும் மூன்று கால் இரும்பு முக்காலியும் செயின் கப்பியும் கொண்டுவந்தார். குழாயை ஒவ்வொரு துண்டாக மேலே இழுத்தார்கள். பழைய வால்வின் வாயில் ரப்பர் வளையம் பாதி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. புதியதைப் பொருத்தி இறக்கினார்கள். தரைக்கு மேலே இருந்த வால்வை அக்காவே கழற்றிப் பைக்குள் போட்டாள். அரை மணி நேரம் விட்டு ஓடவிட்டபோது, மோட்டாரின் முனகல் மட்டும்தான் கேட்டது.

பிறகு மாமனாரைக் கையோடு பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆம்புலன்ஸ் டிரைவர் தூக்கக் கண்ணோடு கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் பெரியவர்தான் அடிக்கிறார்னு நினைச்சேன்" என்றார்.

"அடிச்சேன்தான் தம்பி. ஆனா முதல் அடி என்னோடது இல்ல."

டிரைவர் சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அக்கா உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து, இப்படி மேலே வால்வு போட்ட மற்ற வீடுகளை நினைவிலிருந்து எழுதினாள். ஐந்து வந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். "எங்க வீட்ல ஒரு சத்தமும் இல்லையேம்மா" என்றார் ஒருவர். "இனிமே வரும் சார், அதுக்கு முன்னாடி வந்துட்டேன்" என்றாள். இன்னொரு வீட்டு அம்மா நடுவாசலில் நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தாள். திட்டு ஓய்ந்ததும் அக்கா, "மெயின் சுவிட்சை அணைச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, குழாயை இழுக்க முக்காலியை விரித்தாள்.