வாஸ்லின் கூடிப்போன கேப்

பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பேர் வரும், சிமென்ட் பிசைகிறவளுக்குத் திட்டு வரும். கண்ணாடிப் பலகையும் கரண்டியுமாக என்னைப்போலப் பத்து வருஷம் நின்றவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு சொட்டுத் தண்ணீர்

திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பல்லுக்கு மேல் உறைபோல மாட்டும் டெம்பரவரி கேப்பை ஒட்டும் சிமென்ட் வெள்ளைப் பொடியும் கிராம்புத் தைலமும்தான். மெதுவாகத்தான் இறுகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீக்கிரம் இறுகும் என்று யாரோ சொல்ல, நான் இரண்டு விட்டேன். டாக்டரம்மா கை நீட்டுவதற்குள் பலகையில் கல்லாகிவிட்டது. அதுவரை வாயைப் பிளந்துகொண்டிருந்த பாலசமுத்திரத்து விவசாயி கேட்டார்: "இன்னொரு தபா பிசையறவரைக்கும் நான் வாய மூடிக்கட்டுமா?"

கழலாத கேப்

அடுத்தது ஒரு ஜீப் டிரைவர். நான் ஒட்டக் கொடுத்த சிமென்ட் அப்படிப் பிடித்துக்கொண்டது. நிரந்தர கேப் மாட்டுவதற்காக டாக்டரம்மா அதை இழுத்து எடுத்தபோது, உள்ளே இருந்த பல்லும் பாதி கூடவே வந்தது. இனிமேல் டெம்பரவரிக்குக் கடுகளவு வாஸ்லின் சேர், பிடிப்பு குறையும், சுலபமாக வரும் என்றார் என்னிடம். டிரைவர் போகும்போது சொன்னார்: "டெம்பரவரின்னு சொன்னீங்க மேடம், கடைசில என் பல்லுதான் டெம்பரவரி ஆச்சு."

லதாக்கா

அந்த பயத்தில் அடுத்த பேஷண்டுக்குக் வாஸ்லினைக் கடலைப்பருப்பு அளவுக்கு எடுத்துவிட்டேன். அவர் லதாக்கா. பஸ் ஸ்டாண்டில் தெலுங்கிலும் தமிழிலும் பஸ் அறிவிப்பு சொல்கிறவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் உடைந்திருந்தது. திங்கட்கிழமை புது கான்ட்ராக்டர் எல்லார் குரலையும் கேட்டு ஒருத்தரை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று சொல்லித்தான் கேப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். முந்தின நாள் மைக்கில் சித்தூர் பஸ்ஸைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப் விழுந்துவிட்டதாம்.

"முறுக்கு கிறுக்கு துன்னியா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம், கேப் போட்டதுலேர்ந்து ரசஞ்சோறுதான் துன்னுக்கினு இருந்தேன்."

டாக்டரம்மா நம்பவில்லை. எனக்குத் தெரியும், என் வாஸ்லின்தான். ஆனாலும் பலகையைத் துடைப்பதுபோல நின்றேன். சீ என்றிருந்தது. லதாக்காவே சொன்னார்: "தெரியாம எதையாவது கடிச்சிருப்பேன் மேடம், தப்பு என்னுதுதான்."

வாஸ்லின் இல்லாமல்

அதற்கு மேல் தாங்கவில்லை. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா முகம் சுண்டிப்போனது. "சரே, இப்புடு கலுப்பு" என்று பிசையச் சொன்னார், இந்தத் தடவை வாஸ்லின் இல்லாமல். கழற்றும்போது பல் உடைந்தாலும் உடையலாம் என்று லதாக்காவை எச்சரித்தார். திங்கட்கிழமை வரைக்கும் நின்றால் போதும் என்றார் லதாக்கா.

நின்றது. வேலையும் லதாக்காவுக்கே நிலைத்தது. புதன்கிழமை கழற்றியபோது பல்லின் ஓரம் மட்டும் கொஞ்சம் பெயர்ந்தது, நிரந்தர கேப் அதை மூடிவிட்டது. லதாக்காவோடு வாசல் வரை போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உம்மேல கோவமில்லமா. வெள்ளிக்கெழம ராத்திரி பூரா என்ன துன்னேன், என்ன துன்னேன்னு என்னையே திட்டிக்கினு கெடந்தேன் பாரு, அதுதான் மனச விட்டுப் போவல."

எதைச் சேர்த்தால் சிமென்ட் எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். என் தப்பைச் சொல்ல மட்டும் அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.