மவுசு கட்டிய தொட்டில்

பத்து நிமிடம். அதற்குமேல் அசையாமல் இருந்தால் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் வெப்சைட் நம்மைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதுவரை அடித்ததெல்லாம் போச்சு. பாதியில் சேமித்து வைக்கவும் வழி கிடையாது. அதைச் செய்த புண்ணியவான் ஒருநாளாவது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்க மாட்டான்.

எனக்கு அப்போது நான்கு மாதப் பெண் குழந்தை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர் வேலை. எங்கள் சரக்கை வாங்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் வெப்சைட்டில், கப்பலில் சரக்குக்கு இடம் புக்கிங் செய்வது என் பொறுப்பு. கெஞ்சிக் கூத்தாடி, பல்லடத்தில் எங்கள் வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். “ஒரு புக்கிங் தவறுனாலும் திங்கக்கெழமைல இருந்து ஆபீசுக்கு வந்துருங்கம்மா” என்று சொல்லித்தான் முதலாளி ஒத்துக்கொண்டார். ஆபீஸ் என்றால் காலையில் போனால் இருட்டித்தான் வரவேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை அத்தனை நேரம் விட்டுவிட்டு எப்படிப் போவது? வேலையைத்தான் விடவேண்டும். அதற்கு எனக்கு மனசே இல்லை.

குழந்தையை ஆட்டித் தூங்க வைக்கவே அரை மணி நேரம் ஆகும். இரண்டு முறை வெளியே தள்ளப்பட்டபிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜட்டி இடுப்புக்கு வைக்கும் எலாஸ்டிக் துண்டால் மவுசை ஜன்னல் கம்பியோடு கட்டினேன். மறுபக்கம் ஒரு நூலால் சேலைத் தொட்டிலோடு கட்டினேன். தொட்டில் போனால் நூல் மவுசை இழுக்கும், வந்தால் எலாஸ்டிக் திரும்ப இழுத்துக்கொள்ளும். வெப்சைட் ஏமாந்தது. எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

என் கணவரின் அக்கா சோமனூரிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்தார். நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவர் மேசையைத் துடைக்கும்போது கைபட்டுப் பக்கம் மூடிக்கொண்டது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். “இனி உன்ர பொட்டியத் தொட்டா ஏன்னு கேளு” என்றார். சொன்னபடியே அதன்பிறகு தொடவே இல்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு புக்கிங் போகவேண்டும். விடிகாலையிலிருந்து அடித்துச் சரக்குப் பட்டியலை முடித்திருந்தேன். பெட்டிகளின் எடை மட்டும் பாக்கி, மதியம்தான் கம்பெனியில் எடை போடுவார்கள். பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூக்கினால் உடம்பு அனலாகக் கொதித்தது.

“நங்கையா, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தொட்டலை ஆட்டிட்டு இருங்க.”

“அய்யோ சாமி! வெறுந் தொட்டலை ஆட்டுனா கொழந்தைக்கு ஆகாது. அதும் காச்சலோட கெடக்கற புள்ளைக்கு!”

“அப்ப அந்த மவுசையாச்சும் அசைங்க.”

“அதையத் தொட மாட்டேன்.”

“வேலை போனாப் போகட்டும், விடுங்க!” என்று கத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் பார்க்கவே இரண்டு மணி ஆகிவிட்டது. சளிக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அப்பாடா என்று மூச்சு வந்தது. அடுத்த மூச்சிலேயே வேலை ஞாபகம் வந்துவிட்டது. எல்லாம் அழிந்திருக்கும், மறுபடி அடிக்க ஐந்தாறு மணி நேரம் வேண்டும். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதேன். முதலாளிக்குப் போன் செய்ய இரண்டு முறை எடுத்தேன், கை வரவில்லை.

வாசலில் இறங்கும்போதே தொட்டில் கொக்கி கிறீச்சிடுவது கேட்டது. நங்கையா ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தையின் துண்டில் ஏதோ சுற்றிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தேன். அம்மிக் குழவி.

“வெறுந் தொட்டலைத்தானே ஆட்டக்கூடாது?” என்றார். “நீ போனதும் ஓசனை வந்துச்சு.”

திரையில் நான் அடித்த அத்தனை வரிகளும் அப்படியே இருந்தன. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. “நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க” என்றேன்.

“அதையெல்லாம் பொறகு பேசிக்கலாம். மொதல்ல வேலையப் பாரு கண்ணு.”

குழந்தையை ஒரு கையால் மடியில் வாங்கிக்கொண்டு, மறு கையால் ஆட்டிக்கொண்டே இருந்தார். போனில் வந்திருந்த எடைகளை அடித்து முடித்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனால், மவுசு நூலோடு ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க நங்கையா, அழுத்தணும்.”

“நிறுத்துனா எல்லாம் போயிராதா?”

“போகாதுங்க. நான்தான் வந்துட்டனே.”

சேலையை விட்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட்டிய கை மடங்கவில்லை. அந்தக் கையை நீவிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். புக்கிங் போய்விட்டது. திங்கட்கிழமையும் நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன்.