பார்வை: ‘முறைப்படி’, பகுதி முப்பத்தொன்று

மதுரையில் இப்போது என்னை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை, வாயைத் திறக்கும் வரை. இந்த முறை ஊருக்கு வந்த மூன்றாம் நாள் கே.கே. நகரில் ஒரு மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை கேட்டேன். மருத்துவர் சீட்டு இதோ, தேதி காலாவதியாகவில்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கம்போல விவரமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் இருமல் மருந்துக்கு நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, “சார், நீங்க ‘முறைப்படி’ சார்தான?” என்றார். ஆமாம் என்றதும் கண்ணைத் திறந்து பார்த்தார். “கொஞ்சம் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார். வருவாய்த் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அப்போது என் முகத்தைத் தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்புவார்கள். இப்போது முகம் செல்லாது, குரல் மட்டும் செல்லும்.

அந்தக் குரல் செல்லுபடியான கதை நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் தொடங்கியது. மகள் அங்கே வேலை பார்க்கிறாள். மனைவி இறந்தபின் நானும் மகளோடு போய் ஒட்டிக்கொண்டேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. முதலில் வலைப்பதிவு எழுதினேன். பட்டா மாறுதல், சாதிச் சான்று, பெயர் திருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் என்னென்ன இணைக்க வேண்டும், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று. வாசித்தவர்களில் பாதிப் பேர் சம்பந்திகள். “படிக்க யாருக்குப்பா நேரம் இருக்கு, பேசுங்க” என்று மகள் ஒரு மைக் வாங்கிக் கொடுத்தாள். ‘முறைப்படி’ என்று பெயர் வைத்து, பேசியதைப் பகுதி பகுதியாக இணையத்தில் வெளியிட ஆரம்பித்தேன். எதிரொலி வராத இடம் குளிர்கோட்டுகள் தொங்கும் அலமாரிதான் என்று கண்டுபிடித்து அதற்குள் நாற்காலி போட்டுக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு ஹென்க் கதவைத் தட்டி, தினமும் காலையில் யாரையாவது திட்டுகிறீர்களா, உதவி தேவையா என்று மெதுவாக விசாரித்தார். மதுரைக்காரர்களுக்கு அரசு நடைமுறை சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?” என்றார். சிறைக் கைதிகளுக்குத் தொலைபேசியில் பாடம் எடுக்கிறேன் என்று புரிந்துகொண்டிருக்கிறார். திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது.

முப்பத்தொன்றாம் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியிருப்பைப் பதிவு செய்ய அந்த ஊர் ஹெமேந்தேவுக்கு, நம்மூர் மாநகராட்சி மாதிரியான அலுவலகத்துக்கு, ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று நகல், மூன்றிலும் சுயசான்றொப்பத்தோடு போனேன். அங்கிருந்த பெண் இரண்டு நகல்களைத் திருப்பிக் கொடுத்தாள். பிறப்புச் சான்று மட்டும் ஊரிலிருந்து வரவில்லை, அது இல்லாமல் நீங்கள் வாங்கக்கூடாது என்று நானே எடுத்துச் சொன்னேன். அவள் “ஹேஃப்ட் நீட்” என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். வந்ததும் அனுப்புங்கள், இன்றைய தேதியில் பதிந்துவிட்டேன் என்று சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. என் மேசையில் ஒரு தாள் குறைந்தால் மனு வந்த வழியே திரும்பும். அதைத்தான் நான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அலமாரிக்குள் உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கிண்டல் செய்தே ஒரு பகுதி பேசினேன். “குறையோடு வாங்கிப் போட்டுக்கொண்டால் அது அலுவலகமல்ல, உண்டியல். நம் ஊரில் அதை எதிர்பார்க்காதீர்கள். குறைபாடுள்ள மனுவை ஒருநாளும் கொடுக்காதீர்கள்.” அதுவரை வந்ததிலேயே அதிகம் பேர் கேட்டதும் பகிர்ந்ததும் அதுதான்.

கேட்டவர்கள் வாட்சப்பில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அதைக் கட்டி மேய்த்தவர் பழைய நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அன்சாரி பாய். யாருடைய சந்தேகத்துக்கும் முதல் பதில் அவருடையதுதான். நான் எழுந்து பார்ப்பதற்குள் பாதி கேள்விகள் தீர்ந்திருக்கும். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாரிமுத்து, தாலுகா ஆபீசுக்குப் போகும் வயதானவர்களைக் காசு வாங்காமல் இறக்கிவிடுவார். எனக்குத் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள். என்னைப்போல் பிள்ளைகளோடு போய் அயலூரில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நம்மை நாலு பேர் கேட்கிறார்கள் என்பது ஒரு போதை. நம் சொல்லை நம்பி அங்கே ஒருவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் தெரிந்தது.

நேயர்கள் சந்திப்பை அன்சாரி பாய்தான் ஏற்பாடு செய்தார். ஜும்மா முடிந்து மூன்று மணிக்கு, கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பள்ளிப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் நாற்பது பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் அரைமணி நேரம் பேசினேன், கைதட்டினார்கள். கடைசியில் நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பெயர் செல்வராணி, வாடிப்பட்டி. கணவர் அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநராக இருந்து, பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தவர். கருணை அடிப்படையில் வேலை கேட்டு விண்ணப்பிக்கப் போகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

“சார், நீங்க சொன்னபடியே ஒரு பேப்பர் கொறையாம சேத்து வச்சிருக்கேன். போன சித்திரையிலயே மனு ரெடி. வாரிசுச் சான்று மட்டும் வரணும். மாமியா ஆதார்ல பேரு வேறயா இருந்து அது திரும்பித் திரும்பி வந்துருச்சு. கொறையோட குடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதுனால நானும் அவசரப்படல.”

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இறந்த தேதி என்ன என்று கேட்டேன். சொன்னார். கணவர் இறந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. கெடு விடுமுறையில் முடிந்தால் அடுத்த வேலைநாள் என்று வாதாடலாம். அப்படி வாதாடியவர்களின் கோப்புகள் சில என் மேசையிலேயே மக்கியிருக்கின்றன. பதிவுத் தபாலில் போட்டால் அது சேரும் தேதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். சுவரில் மணி நான்கு. வாடிப்பட்டியில் ஐந்தே முக்காலுக்குப் பூட்டுவார்கள்.

கோப்பை வாங்கிப் பிரித்தேன். தட்டச்சு செய்த மனு, குற்றம் சொல்ல முடியாத அமைப்பு. பொருள்: கருணை அடிப்படையில் பணி நியமனம் கோருதல். அதன் கீழே, அரசாணை எண் இருக்க வேண்டிய இடத்தில், “பார்வை: ‘முறைப்படி’, பகுதி 31” என்று இருந்தது. பணிக்காலம் முழுக்க எத்தனையோ அரசாணைகளைப் பார்வையில் குறித்திருக்கிறேன். நானே ஒரு பார்வையாக ஆனது இதுதான் முதல் தடவை. அந்த அரசாணை தவறு.

“நான் சொன்னது தப்பு” என்றேன். மைக்கில்தான் சொன்னேன், அது கையில் இருந்ததால். “கெடு உள்ள விண்ணப்பத்தைக் குறையோடாவது தேதிக்குள் பதிய வேண்டும். குறையைப் பின்னால் சேர்க்கலாம். பகுதி முப்பத்தொன்றில் நான் அதைச் சொல்லவில்லை.” பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப பட்டா மாறுதலுக்குச் சொன்னதாவது சரிதானா சார்? நான் அம்புட்டையும் குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. பணிக்காலத்தில் என் உத்தரவுக்கு நானே திருத்தம் போட்டதில்லை. மற்றவர்கள் மேல்முறையீடு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

அன்சாரி பாய் எழுந்தார். “சார், கணக்குக் கேக்குறதெல்லாம் அப்புறம். நீங்க கெளம்புங்க, இவுகள நான் டீ குடுத்து உக்கார வைக்கிறேன். மாரி, வண்டிய எடு.” நான் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக ஒரு மனுவைக் கையால் எழுதினேன். பார்வை என்ற வரியை விட்டுவிட்டேன். இணைப்புகளின் கடைசியில், வாரிசுச் சான்று விண்ணப்பிக்கப்பட்டுள்ளது, கிடைத்ததும் அளிக்கப்படும் என்று எழுதியபோது கை நின்றது. அந்த வாக்கியத்தைப் பிறர் மனுவில் எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். செல்வராணி கையெழுத்திடத் தயங்கினார். “திருப்பிவிட்டா என்ன சார் செய்றது?” திருப்ப மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் போட்டார்.

ஷேர் ஆட்டோவுக்கு நகருக்குள் ஓடத்தான் பர்மிட். வாடிப்பட்டிக்கு நான்குவழிச் சாலையில் அதில் போவது எத்தனை விதிமீறல் என்று எனக்குப் பிரிவு வாரியாகத் தெரியும். மாரிமுத்துவிடம் சொன்னேன். “அண்ணே, உங்க பத்தாவது பகுதியிலயே கேட்டுட்டேன். இறங்கிக்கிறீங்களா?” என்றார். இறங்கவில்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின. செல்வராணி கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். ஒன்பதாவது படிக்கும் மகள் போனில் கேட்டாள் போல. “குடுக்கத்தான் போறோம், நீ சாப்புடு” என்று வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், “காலைல சமையக்கட்டுல உங்களத்தான் கேப்பேன் சார். ஆபீஸ்னா பயமா இருக்கும், நீங்க பேசுனா பயம் போயிரும்” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நாங்கள் படியேறியபோது ஐந்தரை தாண்டியிருந்தது. தபால் பிரிவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுத்தர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். “சிஸ்டம் ஆஃப் பண்ணியாச்சு, திங்கக்கெழம வாங்க” என்றார். அலுவலக நேரம், உள்வரும் தபால் பதிவு, எல்லா விதிகளும் என் நாக்கு நுனிக்கு வந்தன. அதற்குள் செல்வராணி மனுவை மேசைமேல் வைத்து, “எங்க வீட்டுக்காரு இங்கதாங்க டிரைவரா இருந்தாரு. ஞாயித்துக்கெழம மூணு வருஷம்” என்றார். எழுத்தர் தாளைப் பார்த்தார். பையைக் கழற்றினார்.

பதிவேட்டில் கையால் எண்ணிட்டு முத்திரையை எடுத்தார். வெள்ளிக்கிழமை மாலையே முத்திரையில் திங்கட்கிழமைத் தேதியை வைத்துவிட்டுப் போவது எங்கள் இலாகாக்களின் பழக்கம், நானும் செய்திருக்கிறேன். அவரும் வைத்திருந்தார். “மேடம், தேதி” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். பிசுபிசுத்த தேதிச் சக்கரத்தை நகத்தால் நெம்பி ஒவ்வொரு எண்ணாகப் பின்னால் உருட்டினார். ஊதா மை நகக்கண்ணில் ஏறியது. மனுவில் ஒன்று, நகலில் ஒன்று. செல்வராணி நகலை வாங்கித் தேதியை வாய்க்குள் இரண்டு முறை படித்தார். வேலை கிடைக்குமா என்பது இதை எழுதும்வரை தெரியாது. தேதிக்குள் கேட்டார் என்பது இனி யாராலும் மறுக்க முடியாதது. பகுதி முப்பத்தொன்றின் தலைப்பில் திருத்தத்தைச் சேர்த்து மறுபடி வெளியிட்டிருக்கிறேன். குழுவிலிருந்து சிலர் விலகிவிட்டார்கள்.

கிளம்பும்போது எழுத்தர் ஒரு நீள நோட்டை இழுத்தார். காவலர் டீ குடிக்கப் போயிருந்ததால் வருகையாளர் பதிவேடு அவர் மேசையில் இருந்தது. பெயர், ஊர், வந்த காரியம். செல்வராணி, வாடிப்பட்டி. மாரிமுத்து, அவனியாபுரம். என் பெயரைச் சொன்னேன், எழுதினார். “ஊரு?”

“மதுரதான், எழுதுங்க” என்றார் மாரிமுத்து. “சாரு வெளிநாடுங்க” என்றார் அதே நேரத்தில் செல்வராணி. எழுத்தர் பேனாவைத் தாளுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டுக்கும் என் பையில் ஆவணம் இருந்தது.