கடைசி அத்தியாயத்தில் ஒரு தட்டு

இஸ்திரி அக்காவை ஏமாற்ற முடியாது என்று எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பைக் கையில் வாங்கியதுமே, இது எத்தனை தடவை வெளுத்தது, எந்த ஓரத்தில் தையல் விடப்போகிறது என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் கொதிக்கும் பெட்டியோடு மல்லுக்கட்டியவள். மேனேஜரே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். சம்பளச் சீட்டில் கைநாட்டுதான் வைப்பாள். அந்த ஒரு ஓட்டை போதுமாயிருந்தது.

அதில் நுழைந்தவள் வேற்றாள் இல்லை, அவளுடைய நாத்தனார். துணியை எண்ணிச் சீட்டு எழுதுவது அவள் வேலை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எங்களுக்குக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவாள், அதனால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவள் வில்லன் மாதிரிப் பேசினால் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. நானும் எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது எவள் புத்தகத்தைத் தொடுவாள்?

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் அந்த நாவலை எடுத்தாள். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனவன், ஆறு வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுகிற கதை. இஸ்திரி அக்காவின் கதையும் அச்சு அசல் அதுதான். அவள் புருஷனும், அதாவது ரேடியோவின் அண்ணனும், திரும்பி வருகிறேன் என்று அப்போது ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா பிடி கொடுக்கவில்லை. பதினாறு வயது மகள் மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: "அவரு உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்மா."

கடைசி அத்தியாயத்தை ரேடியோ படித்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. மனைவி போய்த் திறக்கிறாள். ஒன்றும் பேசாமல் ஒரு தட்டை எடுத்துக் கழுவி, துடைத்து, அவன் முன்னால் வைக்கிறாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். கடைசிக் காலத்தில் அவள் படுத்த படுக்கையானபோது அவன்தான் ஊட்டிவிட்டான், சுபம். நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வேலைக்குத் திரும்பினோம். மேனேஜர் பதறிப்போய், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா புருஷனுக்குச் சொல்லி அனுப்பினாள். "அந்தப் பொம்பளை பட்டதைவிடவா நான் பட்டுட்டேன்? அவளே தட்டு வெச்சாளே" என்றாள் என்னிடம். மகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "கதையையாம்மா நம்புறே?" என்று கேட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அங்கேயே நடந்தது. பெற்றவள் விருந்தாளி மாதிரிப் போய் வந்தாள்.

வந்த மனிதரோ பதினோரு வருடமாகச் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறப்பார். அக்கா இடுப்புப் பிடித்து மூன்று நாள் எழ முடியாமல் கிடந்தபோது, பக்கத்தில் வந்து நின்று, "காபிக்கு என்ன வழி?" என்று கேட்ட மகராசன். நான் திட்டினால் அக்காவுக்குப் பிடிக்காது. "கதையிலயும் கடைசியிலதானே மாறுறான், பொறு" என்பாள்.

இந்த வருடம் அந்த நாவல் சினிமாவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு எல்லோரும் சேர்ந்து போவதென்று கிளம்பினோம். ரேடியோ மட்டும் முட்டுக்கட்டை போட்டாள். "படம் ஒரே இழுவையாம் அண்ணி. கதையைக் கேட்டவங்களுக்கு அது பிடிக்காது" என்று நாலு நாள் ஓதிப் பார்த்தாள். கடைசியில் தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டாள். அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா படம் முழுக்க அழுதாள். அடுத்து என்ன வரும் என்று எனக்குச் சொல்லிச் சொல்லி அழுதாள். கதவு தட்டப்பட்டதும் என் கையைப் பிடித்து, "இப்போ பாரு, தட்டு" என்றாள்.

திரையில் அந்தப் பெண் எழுந்து கதவு வரை வந்தாள். தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பிப் போய், பாதியில் விட்ட மகளின் ஜடையை விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. தியேட்டரே கைதட்டியது.

"அட பாவிங்களா! நல்ல புத்தகத்தை இப்படிக் கெடுத்து வெச்சிருக்கானுங்களே!" அக்கா கோபத்தில் எழுந்தே விட்டாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு காலேஜ் பெண் திரும்பினாள். "இல்லையே ஆன்ட்டி, புத்தகத்துல இருக்கிற மாதிரியேதான் எடுத்திருக்காங்க. அந்த ஜடைகூட அப்படியே இருக்கு. நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன்."

அக்கா உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்து, பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து நிற்கும் வரை எழவில்லை. பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தட்டே கிடையாதா?"

மறுநாள் மத்தியானம், ரேடியோவின் மேஜைக்குள் கிடந்த அந்தப் புத்தகத்தை அக்காவே அட்டைப் படத்தை வைத்து அடையாளம் கண்டு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"கடைசி அத்தியாயம் படி."

ரேடியோவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எதுக்கு அண்ணி இப்போ, பழைய கதை..."

"நீ படிக்கலைன்னா இவ எழுத்துக்கூட்டிப் படிச்சிடுவா" என்று என்னைக் காட்டினாள் அக்கா. " ஆனா எனக்கு உன் வாயால கேக்கணும்."

ரேடியோ படித்தாள். அந்தக் குரல் முதல்முறையாகத் தடுக்கித் தடுக்கி வந்தது. தாழ்ப்பாள் வந்தது. ஜடை வந்தது. தட்டு வரவில்லை. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். அதையும் எத்தனை இனிமையாகச் செய்திருக்கிறாள்!

புத்தகத்தை மூடிவிட்டு ஓவென்று அழுதாள். "அண்ணன் தெருவுல நின்னாரு அண்ணி. கூடப் பொறந்தவ நான் என்ன பண்ணுவேன்? நீங்களும் தனியாக் கஷ்டப்படுறீங்களேன்னுதான்..."

"என் கால்ல விழுந்து கேட்டிருக்கலாமே. சரின்னு சொல்லியிருப்பேன், இல்ல முடியாதுன்னு சொல்லியிருப்பேன். எதுவானாலும் அது என் முடிவா இருந்திருக்கும்." அக்காவின் குரல் உயரவில்லை. "உன் குரலை நம்பி என் பொண்ணை வாசல் தாண்ட விட்டேனே."

அக்கா எழுந்தாள். தான் சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, ரேடியோவின் முன்னால் வைத்தாள்.

"சாயங்காலம் உங்க அண்ணன் பெட்டியோட உன் வீட்டுக்கு வருவாரு. கதவைத் திற. தட்டு வெக்கிறது உனக்குத்தான் நல்லா வருது."

பிறகு இஸ்திரி மேஜைக்குப் போனாள். பெட்டி சூடாவதற்குள் என்னிடம் போனை நீட்டி மகளின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள். மூன்றாவது தடவைதான் அந்தப் பெண் எடுத்தாள்.

"நீ அன்னிக்கு ஒண்ணு கேட்டியேடி, கதையையாம்மா நம்புறேன்னு" என்றாள் அக்கா. "ஆமாடி. நம்பிட்டேன்."