கற்கண்டு முடிச்சு

ஆம்பூரில் ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வந்து இறங்குவது மாட்டுத் தோலுக்காக. எங்கள் வீட்டில் ஆவாரம்பூ வந்து இறங்கியது அத்தைக்காக. அப்பா தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பட்டை ஊறும் தொட்டியின் வாசனை அவருடைய சட்டையோடு தினமும் வீட்டுக்குள் வரும். ஏறக்குறைய அதே வாசனையில் அம்மா ஒரு கஷாயம் காய்ச்சி அத்தையிடம் நீட்டுவாள்.

"தோலைப் பதம் பண்ற மாதிரி என்னையும் பதம் பண்றீங்களா அண்ணி? இன்னும் ஒரு மாசம் குடிச்சா என்னை வெச்சு செருப்பே தெச்சிடலாம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள் அத்தை.

அவள் அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும், எனக்கு எட்டு. ஒரு கோடையில் அவளுக்குத் தாகம் பிடித்துக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். இலை நிறையச் சாப்பிட்டும் வளையல்கள் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்தாள். கொல்லைப்புறத்தில் அவள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. கஷாயம் தோற்றுப்போனதும் அப்பா அவளை ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சில வாரங்கள் கழித்து அவள் கொஞ்சம் சதை பிடித்து, கையில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அதில் ஒரு கண்ணாடி ஊசிக்குழல், இரண்டு ஊசி, ஒரு சிறிய ஸ்பிரிட் விளக்கு, நீல நிறத்தில் ஒரு திரவம், ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னக் குப்பி எல்லாம் இருந்தன. குப்பியில் இருந்த மருந்தின் பெயர் இன்சுலின். அந்தப் பெயரைச் சொல்லும்போது அப்பாவின் குரல், கலெக்டர் துரையின் பெயரைச் சொல்வதுபோலத் தாழும். அது புழக்கத்துக்கு வந்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை.

குப்பி சூடாகக் கூடாது என்பதால், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் அது குடியிருந்தது. காலையிலும் மாலையிலும் அத்தை ஊசிக்குழலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பாள். பால் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அதற்கென்று ஒரு தனிக் கிண்ணம் இருந்தது. ஊசி முனையைப் பஞ்சுக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பாள். ஓர் இழை சிக்கினாலும் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு வழவழப்பான கல்லில் அதைத் தீட்டுவாள். பிறகு தொடையில் தானே குத்திக்கொள்வாள். அவள் கத்த மாட்டாள். அவளுக்காக நான் கத்துவேன்.

எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடக்கும் நிற வேடிக்கை. நீலத் திரவத்தில் சிறுநீர் சில சொட்டு விட்டு, கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள். உடம்பில் சர்க்கரை அடங்கியிருந்தால் நீலம் நீலமாகவே நிற்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். எனக்குச் செங்கல் நிறம்தான் வேண்டும். "இன்னிக்கும் வெறும் நீலந்தானா அத்தை?" என்று நான் உதட்டைப் பிதுக்கினால், "அடிப்பாவி, உன் வேடிக்கைக்கு நான் சாகணுமா?" என்று என் காதைத் திருகுவாள்.

ஊசி போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் இலை போட்டாக வேண்டும். தாமதமானால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், மயக்கம் வரும். அந்த ஆபத்துக்கென்று வேலூர் டாக்டரம்மா சொன்னபடி அத்தையின் முந்தானை நுனியில் எப்போதும் கற்கண்டு முடிந்திருக்கும். புடவை மாற்றும்போது முதலில் முடிச்சு மாறும், பிறகுதான் புடவை. தூங்கும்போதுகூட அது அவளோடு இருக்கும். இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இனிப்பே சாப்பிடக் கூடாதவளிடம் எந்நேரமும் கற்கண்டு. இனிப்புக்கு ஏங்கும் எனக்கு ஒரு துண்டு கிடையாது. கேட்டால், "இது மருந்துடி" என்பாள்.

அந்த வருஷம் தை பிறந்ததும் வாணியம்பாடியிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனும் ஒரு தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தார். தோலைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் உத்தியோகம். நல்ல குடும்பம், தாயும் மகனும் மட்டும்தான். அப்பா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஓர் உத்தரவு போட்டார். ஊசி விஷயம் வெளியே மூச்சு விடக் கூடாது. கல்யாணம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அத்தை சிரித்தபடியே கேட்டாள். "தோல் விக்கிறவன் ஓட்டையை உள்ள மடிச்சுக் கட்டிக்கினு வந்து ஏமாத்தறான்னு தினமும் வந்து திட்றீங்களே அண்ணா, நீங்க மட்டும் இப்ப இன்னா பண்றீங்க?"

அண்ணன் வாயை அடைத்ததற்காக அம்மா அவளைத் திட்டினாள். பிறகு தனியாக அழுதாள். ஊசி என்று தெரிந்தால் எவன் கட்டிக்கொள்வான், அண்ணன் காலத்துக்குப் பிறகு இவளை யார் பார்ப்பது என்று அம்மாவுக்குக் கவலை. அது பொய்க் கவலையும் அல்ல.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையன்று தகரப் பெட்டியும் மணல் சட்டியும் பக்கத்து வீட்டு பீவியம்மாவின் வீட்டுக்குக் குடிபோயின. பீவியம்மா எங்கள் கொல்லைக் கதவு வழியாகவே போய் வரும் பழக்கமுள்ளவர். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னாம்மா இது, திருட்டு மால் மாரி ஒளிக்கிறீங்க? நோவு இன்னா நம்மள கேட்டுக்கினா வருது? ரொம்பப் பேஜார் பண்றீங்க" என்றார். பண்ணினது அப்பாதான் என்று அத்தை ஜாடை காட்டினாள்.

ராகுகாலம் பிறப்பதற்கு முன் வந்துவிடுவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தவர்கள் எழுந்து போக இருட்டிவிடும், நடுவில் நழுவ முடியாது என்பதால் மாலை ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது, அவர்கள் பலகாரம் சாப்பிட்டதும் அத்தையும் சாப்பிட்டுவிடுவது என்று ஏற்பாடு. தெருமுனையில் ஜட்காவின் சலங்கை கேட்டதும் நான் "வந்துட்டாங்க!" என்று கத்தினேன். அத்தை கொல்லை வழியாக ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டு, பூ கலையாமல் திரும்பி வந்தாள்.

ஆனால் ஜட்கா வீட்டு வாசலுக்கு வரவில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோவிலிலேயே நின்றுவிட்டது. ரயில் தாமதமாம். ராகுகாலம் பிறந்துவிட்டது, பெண் வீட்டுப் படியை அது முடிந்துதான் மிதிப்பேன் என்று பையனின் தாயார் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஓடினார், கெஞ்சினார், விசிறி கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் அசையவில்லை.

வீட்டுக்குள் லட்டும் சொஜ்ஜியும் தட்டில் காத்திருந்தன. வந்தவர்கள் வாயில் படுவதற்கு முன் பெண் வாயில் படக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனாலும் நேரம் போகப் போக அம்மாவுக்கே பயம் வந்துவிட்டது. ஓர் இட்லியை மறைத்துக் கொண்டுவந்து, "சாஸ்திரம் கெடட்டும், இதைத் தின்னுடு" என்றாள்.

"வேணாம் அண்ணி. தலை சுத்தினா கற்கண்டு இருக்கில்ல?" என்று அத்தை முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டினாள். அம்மா சமாதானமாகிப் போனாள். நானும் அந்த முடிச்சைப் பார்த்தேன். வழக்கம்போல வயிற்றெரிச்சலோடுதான் பார்த்தேன்.

ராகுகாலம் முடிந்ததும் அவர்கள் வலது காலை எடுத்துவைத்து வந்தார்கள். பையனின் தாயார் பாயில் அமர்ந்தார். பையன் பெஞ்சியில் உட்கார்ந்து, எங்கே வைப்பதென்று தெரியாத கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். அத்தை தட்டோடு கூடத்துக்கு நடந்தாள். தண்ணீர்ச் செம்போடு நான் பின்னால் போனேன். அவள் பிடரியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. தலையில் வைத்திருந்த மல்லிகை நடுங்கியது. தட்டிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

"பயப்படாதம்மா, நாங்க ஒண்ணும் புலி சிங்கம் இல்ல" என்றார் அந்த அம்மாள்.

அத்தை தட்டைப் பெஞ்சிமேல் வைத்தாள். அடுத்து விழுந்து கும்பிட வேண்டும். அவள் அப்படியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடிப்பதற்குள் இன்னொன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அம்மா கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அப்பா எழுந்து நின்று, "காலைலேர்ந்து விரதம்... அதான்..." என்று இழுத்தார்.

"ஞாயித்துக்கிழமைல இன்னா விரதம்?" என்றார் அம்மாள்.

அத்தை ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகக் காட்டினாள். இரண்டாவது லட்டும் உள்ளே போயிற்று. என் கையிலிருந்த செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"விரதம் இல்லீங்கம்மா" என்றாள். "எனக்குச் சர்க்கரை வியாதி. காலைலயும் சாயங்காலமும் ஊசி போட்டுக்கணும். போட்டா உடனே சாப்பிடணும். நீங்க கோவில்ல உட்கார்ந்துட்டீங்க, நான் இங்க வெறும் வயித்தோட உட்கார்ந்துட்டேன். அவ்ளோதான்."

"ஊசியா? இன்னா ஊசி?"

அந்தக் கேள்விக்குக் கொல்லைப்புறத்திலிருந்து பதில் வந்தது. "ஊசி போட்டு எவ்ளோ நேரமாச்சு! இந்தப் பொண்ணு சாப்டுச்சா இல்லியா?" என்று கூவிக்கொண்டே பீவியம்மா தகரப் பெட்டியோடு கூடத்துக்குள் வந்துவிட்டார். ஆட்களைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, பெட்டியைப் பெஞ்சிமேல் லட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஓடினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு போட்டுவிடறது?" என்று கேட்டார் அம்மாள், பெட்டியைத் தொடாமல் எட்டிப் பார்த்தபடி.

"நானேதாங்க."

அப்போது பையன் வாயைத் திறந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பேசுவது அந்த நாளில் பெரிய அதிகப்பிரசங்கித்தனம். "வலிக்காதா?" என்றார்.

"முனை மழுங்கினா வலிக்கும். தீட்டி வெச்சா வலிக்காது."

"எதுல தீட்டுவீங்க?"

அத்தை பெட்டியைத் திறந்து கல்லை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இது முரடு. ஷாப்புல கத்தி தீட்ட இதைவிட நைஸா கல்லு இருக்கு" என்றார்.

"போதும், எழுந்திரு" என்றார் தாயார்.

ஒரு லட்டைக்கூடத் தொடாமல் அவர்கள் போனார்கள். குறைந்தவை அத்தை தின்ற இரண்டுதான். அப்பா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா அழுதாள். எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். அத்தை எங்கேயும் போகப்போவதில்லை, அத்தனை லட்டும் எனக்குத்தான்.

ஆனால் அடுத்த மாதம் ஒரு நைஸான கல் வந்தது. கொண்டுவந்தவரும் அவரேதான். அப்பாவிடம் வேலை விஷயமாகப் பேச வந்ததாகச் சொன்னார். "இத்தனை வருஷத்துல ஓட்டையை மேல வெச்சுக் காட்டின சரக்கை நான் பார்த்ததே இல்ல சார்" என்று அவர் சொல்ல, உள்ளேயிருந்து அத்தை, "சரக்குன்னு சொன்னா லட்டு கிடையாது" என்று குரல் கொடுத்தாள். அவருடைய தாயாரின் மனம் இறங்க ஆடி, ஐப்பசி எல்லாம் தாண்டி அடுத்த தை ஆயிற்று. கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் முகூர்த்தமே குறித்தார்.

இப்போது எனக்கு ஒரு பெண் குழந்தை. அதன் பால் புட்டியை ஒருமுறை கொதிக்கவைத்துவிட்டு, சரியாகக் கொதித்ததா என்று சந்தேகப்பட்டு மறுபடி வைக்கிறேன். பால் கொடுத்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துவிட்டு, பார்த்தது சரிதானா என்று திரும்பப் போய்ப் பார்க்கிறேன். போன வாரம் அத்தை வந்திருந்தபோது, என் புட்டியும் அவள் ஊசிக்குழலும் அடுத்தடுத்த பாத்திரங்களில் கொதித்தன. அன்றைய நாளைப் பற்றிக் கேட்டேன். "உன் பொண்ணு அழறா, போய்ப் பாரு" என்று சிரித்தாள். குழந்தை அழவில்லை.

சிறுமியாக அன்றே ஒருமுறை கேட்ட கேள்வியைத்தான் மறுபடி கேட்டேன். அன்று மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு, அத்தை பட்டுப்புடவையை மாற்ற உள்ளே வந்தாள். வழக்கம்போல முதலில் முடிச்சை அவிழ்த்தாள். கற்கண்டு ஒரு துண்டுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

"இதை ஏன் அத்தை சாப்பிடல?" என்றேன்.

"மறந்தே போச்சுடி" என்றாள்.

உண்மையாகவும் இருக்கலாம். சர்க்கரை இறங்கினால் புத்தி தடுமாறும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். அப்படி இல்லாமல் வேண்டுமென்றேதான் அதைத் தொடாமல் தட்டோடு போனாள் என்றால், நடுவில் மயங்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தூக்கத்தில்கூட முடிச்சை மறக்காதவள் அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை முதல்முறையாக ஒரு பெரிய கற்கண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் மனம் மாறுவதற்குள் அதை வாயில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.