மில் இரைச்சலில் ஒரு கதை

இன்று கிளமெண்டியில் எங்கள் வீட்டில் வறுத்த மல்லியை மிக்ஸியில் அரைத்தபோது, ஃபேரர் பார்க்கில் இப்போது ஹோட்டலாகிவிட்ட அந்தப் பழைய மசாலா மில்லின் வாசம் வந்தது. அந்த நாளில் அங்கே எங்கள் மிளகாய் அரைபட்டு முடியும்வரை, நான்கு வயதான என்னை மடியில் வைத்துக்கொண்டு, இயந்திர இரைச்சலையும் மீறி அம்மா தொண்டை கிழியக் கதை வாசிப்பார். வரிசையில் நிற்பவர்கள் தும்மிக்கொண்டே கேட்பார்கள். இயந்திரம் நின்ற பிறகும் அவர் குரல் இறங்காது.

“சின்னப் பிள்ளைக்கு என்னக்கா புரியும்?” என்பார் மில்காரர்.

“காதுல விழட்டும், போதும்.”

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது. இன்று மிக்ஸி ஓட ஓட அவளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

“அவளுக்கு இன்னும் பேச்சே வரல லா, யாருக்குக் கத்துற?” என்றார் கணவர்.

மிக்ஸியை நிறுத்தினேன். குரலை இறக்கவில்லை.